பதிமூன்று ஏறவில்லை, பதினான்கு நழுவுகிறது: ஸ்பேனரில் இன்ச்சும் மில்லிமீட்டரும்

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் மாமாவின் தோட்டத்தில் பழைய ஆயில் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. லிஸ்டர் வகை. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், நிமிடத்துக்கு 650 சுற்று, தடக் தடக் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஓடி ஒரு காலத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது. கரண்ட் மோட்டார் வந்ததும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி, கோழி அடைகிற இடமாகிவிட்டது. போன பொங்கல் லீவில் அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. டப்பாவில் 6 முதல் 32 வரை மில்லிமீட்டர் ஸ்பேனர் முழு செட் இருக்கிறது, அப்புறம் என்ன என்று இறங்கிவிட்டேன்.

பக்கத்து மூடியில் இருந்த நட்டுக்கு 13 போட்டேன். ஏறவில்லை. 14 போட்டேன். ஏறியது, ஆனால் அழுத்தினால் நழுவியது. துரு ஏறி நட்டு ஊதியிருக்கும், அதனால்தான் 13 ஏறவில்லை என்று நானே ஒரு முடிவு கட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, முடியாமல் 14-ஐயே மறுபடி போட்டு முழு பலத்தோடு தள்ளியதில் ஆறு முக்கும் மழுங்கி நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. விரல் முட்டியில் தோல் உரிந்தது தனி.

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நட்டு மேல குத்தமில்ல மாப்ள. அதுக்கு உண்டான ஸ்பேனரே ஒன் டப்பாவுல இல்ல."

அந்த நட்டு என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ச்சை மில்லிமீட்டராக மாற்றும் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும், 25.4-ஆல் பெருக்கினால் தீர்ந்தது. சிக்கல் கணக்கில் இல்லை, பெருக்கி வந்த விடைக்கும் கையில் இருக்கிற ஸ்பேனருக்கும் நடுவில் மிஞ்சுகிற அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கிறது.

அந்த எண் எதை அளக்கிறது

ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம். அதாவது நட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். முக்குக்கு முக்கு அல்ல, பட்டைக்குப் பட்டை. போல்ட்டின் தடிமனுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை, இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறோம். டவுனுக்குள் ஒரு ஹார்டுவேர் கடையில் நானே நின்று கேட்ட பேச்சு இது:

"அண்ணே, பத்து நம்பர் போல்ட்டு நாலு குடுங்க."

"தலை பத்தா, தண்டு பத்தா தம்பி?"

தண்டு 10 மில்லிமீட்டர் என்றால் அது எம் 10 போல்ட்டு, அதன் தலைக்கு 17 ஸ்பேனர் வேண்டும். தலை 10 என்றால் அது எம் 6 போல்ட்டு, சுண்டுவிரலைவிட மெலிந்தது. தெரியாமல் வாங்கிக்கொண்டு திருமங்கலம் வரை போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் கடையில் கேட்கும்போது தண்டு அளவைச் சொல்லுங்கள், நீளத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மில்லிமீட்டரில் வழக்கமான ஜோடிகள் இவை: எம் 5-க்கு 8, எம் 6-க்கு 10, எம் 8-க்கு 13, எம் 10-க்கு 17, எம் 12-க்கு 19, எம் 16-க்கு 24, எம் 20-க்கு 30. ஊரில் இருக்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பைக் கழற்ற வருபவர் கையில் 17-19 ஸ்பேனர் இருப்பது இதனால்தான். ஆனால் இதிலும் ஒரு கோணல் இருக்கிறது. பழைய ஜெர்மன் தரத்தில் எம் 10 தலை 17, எம் 12 தலை 19. பிறகு வந்த சர்வதேசத் தரம் அவற்றை 16, 18 என்று குறைத்துவிட்டது. இரண்டும் கடையில் கலந்து கிடக்கும், ஒரே டப்பாவில்கூடப் பார்த்திருக்கிறேன். ஜப்பான்காரர்கள் இன்னும் சிக்கனம், எம் 8-க்கு 12, எம் 10-க்கு 14, எம் 12-க்கு 17 என்று தலையைச் சின்னதாக்கிவிட்டார்கள். ஜப்பான் வழியில் வந்த பைக்குகளுக்கு 8, 10, 12, 14, 17 வைத்துக்கொண்டு பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம், 13 டப்பாவில் தூங்கும். அதே ஆள் மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டியையோ பம்பு மூடியையோ கழற்றினால் 13 இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

நூல் கணக்கு

சரி, இன்ச்சுக்கு வருவோம். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது, அடுத்த வருடமே அணா போய் நயா பைசா வந்தது. அணா போய்விட்டது, நூல் போகவில்லை. இன்றைக்கும் நம்ம பக்கம் ஆசாரியிடமோ வெல்டிங் பட்டறையிலோ நின்றால் "மூணு நூல் ஓட்டை போடு", "அரை நூல் கூடப் போச்சு" என்றுதான் காதில் விழும். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது 1/8 இன்ச், 3.175 மில்லிமீட்டர்.

இன்ச் ஸ்பேனர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 7/16, 9/16, 11/16 என்று பின்னமாகப் பார்த்தால் எது பெரிது எது சின்னது என்றே உடனே பிடிபடாது. 5/8 பெரிதா 9/16 பெரிதா என்று யாரையாவது சட்டென்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். நூலாக்கிவிட்டால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். 5/16 என்பது இரண்டரை நூல், 3/8 மூன்று, 7/16 மூன்றரை, 1/2 நான்கு, 9/16 நாலரை, 5/8 ஐந்து, 11/16 ஐந்தரை, 3/4 ஆறு, 13/16 ஆறரை, 7/8 ஏழு, 15/16 ஏழரை. அரை அரை நூலாக ஏறிக்கொண்டே போகிற படிக்கட்டு, அவ்வளவுதான்.

நூலை மில்லிமீட்டர் ஆக்க, மூன்றால் பெருக்கி, ஆறு நூலுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு நூல்: பதினெட்டும் ஒன்றும், 19. நான்கு நூல்: பன்னிரண்டும் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவும், 12.7. ஏழு நூல்: இருபத்தொன்றும் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவும், 22.2. போன் கால்குலேட்டர் வேண்டாம், கிரீஸ் கையோடு மனதிலேயே போட்டுவிடலாம்.

திருப்பிப் போடவும் வழி இருக்கிறது. மில்லிமீட்டரை மூன்றால் வகுத்து, வந்ததில் இருபதில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 19-ஐ வகுத்தால் 6.33, கழித்தால் 6.02, அதாவது ஆறு நூல். 13-க்கு 4.33, கழித்தால் 4.1, நான்கு நூலுக்குச் சற்று மேலே. 17-க்கு 5.67, கழித்தால் 5.4, ஐந்தும் இல்லை, ஐந்தரையும் இல்லை, நடுவில் தொங்குகிறது. விடை முழு நூலிலோ அரை நூலிலோ சரியாகப் போய் உட்கார்ந்தால் அந்த ஸ்பேனருக்கு மறுபக்கத்தில் ஒரு ஜோடி இருக்கிறது என்று பொருள். தொங்கினால் ஜோடி இல்லை. 24-க்கு மேல் போகப் போக இந்தக் குறுக்குவழி விடையைக் கொஞ்சம் கூட்டியே காட்டும், அங்கே உண்மையான 25.4 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எது எதற்குப் போகும்

இனிமேல்தான் உண்மையான விஷயம். ஸ்பேனர் நட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், சின்னதாக இருந்தால் ஏறவே ஏறாது. எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? என் அனுபவத்தில் 0.1 மில்லிமீட்டர் என்றால் கவலையே வேண்டாம். 0.2-ஐத் தாண்டினால் நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற ரிங் ஸ்பேனரோ, குழல் மாதிரி மேலிருந்து மூடுகிற பாக்ஸோ மட்டும். 0.3 வந்தால் லேசாக இறுக்கிய நட்டுக்கு மட்டும், அதுவும் வேறு வழி இல்லாதபோது. அதற்கு மேல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இரட்டைப் பிள்ளைகள் மூன்று ஜோடி இருக்கின்றன. 8-ம் 5/16-ம் (7.94), 19-ம் 3/4-ம் (19.05), 27-ம் 1-1/16-ம் (26.99). இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது ஒருவழிப் பாதை. 16 ஸ்பேனரை 5/8 நட்டில் (15.88) போடலாம், 24-ஐ 15/16 நட்டில் (23.81) போடலாம், 32-ஐ ஒன்றேகால் இன்ச் நட்டில் (31.75) ரிங்காக இருந்தால் போடலாம். மறுபக்கம் பார்த்தால், 7/16 இன்ச் ஸ்பேனர் (11.11) 11 நட்டுக்கு நன்றாகவே பொருந்தும், 7/8 ஸ்பேனர் (22.23) 22 நட்டுக்குச் சமாளிக்கும். இவற்றைத் தலைகீழாக்கினால் ஏறாது, அல்லது தட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

பிறகு, ஆசை காட்டி மோசம் செய்கிறவை. 13-ஐ அரை இன்ச் நட்டில் (12.7) போட்டால் 0.3 ஆடும், புதிதாகப் பூட்டிய நட்டு என்றால் வரும், பத்து வருடத் துரு என்றால் முக்கு போய்விடும். 9/16 ஸ்பேனரை (14.29) 14 நட்டில் போடுவதும் இதே கதைதான். 11/16-ஐ (17.46) 17-ல் போடாதீர்கள், 10-ஐ 3/8-ல் (9.53) போடாதீர்கள், இரண்டிலும் அரை மில்லிமீட்டர் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். ஒரு இன்ச் ஸ்பேனர் (25.4) மில்லிமீட்டர் உலகத்தில் ஒரு அநாதை, 25 நட்டைத் தினமும் யார் பார்க்கிறோம்.

முக்கு ஏன் மழுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் சரியாக இருந்தால் பட்டையின் மேல் பரவலாக அழுத்தம் விழும். இடைவெளி இருந்தால் ஸ்பேனர் கொஞ்சம் சாய்ந்து, மொத்த அழுத்தமும் முக்கில் மட்டும் போய் விழுகிறது, அந்த ஒரு கோடு தாங்காமல் நசுங்குகிறது. திறந்த வாய் ஸ்பேனரில் இரண்டு முக்குதான் பிடிமானம், அழுத்தினால் வாயும் கொஞ்சம் விரியும். அதனால் சந்தேகமான பொருத்தத்தில் ஆறு பட்டை பாக்ஸுக்குத்தான் முதல் இடம், பிறகு ரிங், கடைசியாகத்தான் திறந்த வாய். ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அது கெடுத்த நட்டுகளும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

எதிரே இருப்பது எந்தக் குலம்?

ஒரு நட்டு முன்னால் இருக்கிறது, மில்லிமீட்டரா இன்ச்சா? முதலில் போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 4.6, 8.8, 10.9 என்று எண் பொறித்திருந்தால் மில்லிமீட்டர். எண் இல்லாமல் நடுவிலிருந்து வெளியே ஓடும் கோடுகள், மூன்றோ ஆறோ இருந்தால் அமெரிக்க இன்ச் போல்ட்டு. ஒன்றுமே இல்லையா, வெர்னியரை எடுங்கள், அதுதான் இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிற கருவி.

வெர்னியரில் பார்க்கும்போது ஒரு சின்ன சூட்சுமம். நட்டுகளை எப்போதும் பெயரளவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்வார்கள், கூடுதலாகச் செய்ய மாட்டார்கள். ஸ்பேனரைச் சற்றுக் கூடுதலாகச் செய்வார்கள். 13 நட்டை அளந்தால் 12.75, 12.85, 12.9 என்று வரும், 13.1 வராது. அப்படியானால் 12.85 காட்டுகிற நட்டு அரை இன்ச்சாக இருக்க முடியாது, ஏனென்றால் அரை இன்ச் நட்டு 12.7-ஐத் தாண்டாது. 12.5 காட்டினால் அது அரை இன்ச்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் "பன்னிரண்டரைதான் வருது, அப்போ பதிமூணுதான்" என்று சொல்லிக்கொள்வது ரொம்ப சுலபம். பெயின்டும் துருவும் இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அளங்கள், இரண்டு மூன்று பட்டையில் அளங்கள்.

அதிலும் தீராவிட்டால் மரையை, அதாவது தண்டில் சுற்றி ஓடுகிற திருகுப் பள்ளத்தைப் பாருங்கள். எம் 8 போல்ட்டின் தண்டும் 5/16 இன்ச் போல்ட்டின் தண்டும் தடிமனில் ஒன்றுபோலவே இருக்கும், வெர்னியர் இரண்டுக்கும் 7.9 சுற்றித்தான் காட்டும். வித்தியாசம் மரையில். எம் 8-ல் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், பத்து மரையை அளந்தால் 12.5. இன்ச்சுக்குப் பதினெட்டு மரை உள்ள 5/16-ல் பத்து மரை 14.1. மரை இடைவெளியைப் பார்க்கிற பிட்ச் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தெரிந்த எம் 8 போல்ட்டு ஒன்றை எடுத்து மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பல்லோடு பல் பொருந்தி வெளிச்சம் வராமல் அடைத்தால் ஒரே குலம். மாற்றிப் போட்டால் நட்டு இரண்டு மூன்று சுற்று சமத்தாக ஏறிவிட்டு அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரை எடுத்து மல்லுக்கட்டினீர்கள் என்றால் மரை கழன்றது நட்டுக்கு மட்டும் இல்லை என்று ஊரே பேசும். கையால் திருகி முழுசாக ஏறாத நட்டு தப்பான நட்டு.

ஒரே சாமானில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. சைக்கிள் பெடல் நல்ல உதாரணம்: அதன் மரை 9/16 இன்ச், இன்ச்சுக்கு இருபது, அதைக் கழற்றும் ஸ்பேனரோ 15 மில்லிமீட்டர். இடது பெடல் தலைகீழ் மரை என்பதையும் நினைவில் வையுங்கள். பாக்ஸ் செட்டிலும் அப்படித்தான். நீங்கள் வாங்குவது மில்லிமீட்டர் செட்டாக இருந்தாலும் பின்னால் கைப்பிடி நுழைகிற சதுர ஓட்டை அரை இன்ச்சோ 3/8-ஓதான், உலகம் முழுக்க அதற்கு இன்ச்தான். பைப் ரிஞ்சில் எழுதியிருக்கும் 14 இன்ச், 18 இன்ச் அதன் மொத்த நீளம், வாய் இல்லை. அரை இன்ச் ஜிஐ பைப்பை அளந்தால் வெளிப்பக்கம் 21.3 மில்லிமீட்டர் வரும், அரை இன்ச்சைத் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளம்பர் பாஷை அது, அதோடு நமக்குச் சண்டை இல்லை.

டபிள்யூ போட்ட ஸ்பேனர்

திரும்பி என் ஆயில் இன்ஜினுக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து வெர்னியரோடு போனேன். மழுங்காத பக்கத்து நட்டை அளந்தால் 13.3. மில்லிமீட்டரில் 13-க்கு மேலே, 14-க்கு ரொம்பக் கீழே. இன்ச்சில் பார்த்தால் நான்கு நூலுக்கும் நாலரைக்கும் நடுவே. இரண்டு குலத்திலும் இல்லாத நட்டு.

மூன்றாவதாக ஒரு குலம் இருக்கிறது. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் மரைகளுக்கு ஒரு தரம் கொண்டுவந்தார், அதுவரை பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை. அவருடைய மரையின் கோணம் 55 டிகிரி, இப்போதைய மில்லிமீட்டர் மரைக்கும் அமெரிக்க இன்ச் மரைக்கும் 60. பிரிட்டிஷ் மூலத்திலிருந்து வந்த பழைய இயந்திரம் பெரும்பாலும் இவர் வழிதான். லிஸ்டர் இன்ஜின், பழைய லேத், 1955-லிருந்து சென்னையில் பூட்டத் தொடங்கிய புல்லட்டின் பழைய வண்டிகள்.

இந்த ஸ்பேனர்களில்தான் பெரிய பொறி இருக்கிறது. விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 டபிள்யூ என்று போட்டிருந்தால் வாய் கால் இன்ச் இல்லை. கால் இன்ச் தண்டு உள்ள போல்ட்டின் தலைக்கு அது பொருந்தும் என்று அர்த்தம், வாயை அளந்தால் 0.525 இன்ச், 13.34 மில்லிமீட்டர். மற்ற எல்லா ஸ்பேனரும் வாயைச் சொல்கிறது, இது மட்டும் தண்டைச் சொல்கிறது. 25.4-ஆல் பெருக்கி 6.35 என்று கணக்குப் போட்டால் பாதி அளவுக்கு ஏமாறுவீர்கள். 5/16 டபிள்யூ 15.24, 3/8 டபிள்யூ 18.03, 7/16 டபிள்யூ 20.83, 1/2 டபிள்யூ 23.37. இதில் 3/8-க்கு 18 ஸ்பேனர் பல சமயம் ஏறிவிடும், 7/16-க்கு 21 சமாளிக்கும். மற்றதுக்கெல்லாம் மில்லிமீட்டரில் ஆள் கிடையாது.

அதோடு விடவில்லை அவர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க, விட்வொர்த் தலைகளை ஒரு அளவு சின்னதாக்கினார்கள். அதனால் ஒரே ஸ்பேனரில் "1/4 டபிள்யூ, 5/16 பிஎஸ்" என்று இரண்டு அளவு பொறித்திருப்பார்கள், டபிள்யூ பழைய பெரிய தலைக்கு, பிஎஸ் சின்னதாக்கிய தலைக்கு. என் இன்ஜின் நட்டு அந்த ரகம்தான். தண்டு 5/16, இன்ச்சுக்குப் பதினெட்டு மரை, தலை மட்டும் கால் டபிள்யூ.

புதுக் கடைகளில் கேட்டேன், ஒருவர் "அதெல்லாம் எங்க தாத்தா காலத்துல" என்றார். மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகச் சொன்னது மாமாதான். சாக்கை விரித்து, பழைய பூட்டு, மின்விசிறி இறக்கை, மோட்டார் கோர் நடுவில் ஸ்பேனர்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்ததைப் பார்த்த கடைக்காரர், "என்ன தம்பி, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற" என்றார். கடைசியில் ஒன்று கிடைத்தது, இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்திருந்தது, ஒரு டீ வடைக் காசுதான் ஆனது. பழைய ஸ்பேனர் வாங்கும்போது எழுத்தை நம்பாதீர்கள், வாயை அளங்கள். யாரோ தட்டி வளைத்து, அரத்தால் ராவி 13-ஐ 14 ஆக்கியதெல்லாம் அந்தக் குவியலில் கிடக்கும்.

பழைய மாஸ்ஸி பெர்குசன் மாதிரி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு விட்வொர்த் தேவைப்படாது, சாதாரண இன்ச் செட் போதும்; 1/2, 9/16, 3/4, 15/16 இந்த நாலு இருந்தாலே பெரும்பாலான இடம் ஓடும். அதில் 3/4-க்கு உங்கள் 19 இருக்கிறது, 15/16-க்கு 24 இருக்கிறது. மிச்சம் இரண்டை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், முழு செட்டுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. மெட்ரிக் செட்டோடு கலந்துவிடாமல் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் அதுவும் நன்றாக நிற்கிறது, கேட்டுவிட்டு எடுங்கள்.

மழுங்கின நட்டுக்கு

அளவு தெரிந்து வைத்திருப்பதற்கு இன்னொரு பலன் இங்கே கிடைக்கும். முக்கு போன நட்டுக்கு ஒரு பொடி சின்னதான பாக்ஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிதாகப் பிடிமானம் கிடைக்கும். மில்லிமீட்டரில் ஒரு படி இறங்கினால் ஒரு முழு மில்லிமீட்டர், அது ஏறாது. இன்ச்சில் பார்த்தால் நடுவில் ஆள் நிற்கிறான்: மழுங்கிய 13-க்கு அரை இன்ச், மழுங்கிய 10-க்கு 3/8, மழுங்கிய 24-க்கு 15/16. ஆறு பட்டை பாக்ஸாக இருக்க வேண்டும், பன்னிரண்டு பல் உள்ளது பிளந்துவிடும். ஏற்றுவதற்கு முந்தின நாளே டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு ஊற வையுங்கள். திருகும்போது முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள், துரு விடுவதற்கு அது உதவும்.

சரியான அளவு கையில் இல்லை, கொஞ்சம் பெரிதுதான் இருக்கிறது என்றால் ஆக்ஸா பிளேடு துண்டை இடைவெளியில் செருகலாம். பிளேடு 0.6 மில்லிமீட்டர் சொச்சம் கனம், 14 ஸ்பேனருக்கும் 13.34 நட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 0.66. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் என் முட்டி தப்பியிருக்கும். பல் பக்கத்தை உடைத்துவிட்டு முதுகுப் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள், கண்ணுக்கு நேரே குனிந்து நிற்காதீர்கள், படீர் என்று உடையும். தள்ளித் திருகாமல் உங்கள் பக்கமாக இழுத்துத் திருகுங்கள், நழுவினால் கை போய் இரும்பில் மோதாது.

சந்தையில் வாங்கிய ஸ்பேனர் மற்ற நட்டுகளுக்கெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் நான் கோலிக்குண்டாக்கிய அந்த ஒன்றில் நிற்கவில்லை. கடைசியில் அதற்கு 13 பாக்ஸைத்தான் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். முதல் நாள் ஏறாத அதே 13, முக்கு போனபிறகு ஏறிக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் கிரீச் என்று கழன்றது. புது நட்டு எம் 8 போட்டுப் பார்த்தேன், இரண்டு சுற்றில் இறுகியது, நிறுத்திவிட்டு கோ.புதூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சரியான மரை போட்டு வாங்கி வந்தேன். இன்ஜின் இன்னும் ஓடவில்லை, உள்ளே இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. கோழிகள் திரும்பி வந்துவிட்டன.